ஓரத்தில் போகும் பணம்

“வெள்ளையடிச்சா போதும்” என்றுதான் என் வீட்டுக்காரர் சொன்னார். குடி வந்து 14 வருஷம் ஆன ஃபிளாட். நான்காவது மாடி, இரண்டு பெட்ரூம். சுவர் எதையும் இடிக்கப் போவதில்லை, ஒயரிங்கைத் தொடப் போவதில்லை, குழாய் லைன் பக்கமே போகப் போவதில்லை. முகத்துக்குப் பவுடர் போடுகிற மாதிரி ஒரு வேலை, இதற்கெல்லாம் எதற்கு எஸ்டிமேட் என்று கேட்டார். நான் 20 வருஷமாக ஓர் அலுவலகத்தில் பில் சரிபார்க்கிறவள். கணக்கு எழுதாமல் காரியம் தொடங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் தொகை எதுவும் இருக்காது. நான் கொடுத்த கூலி நீங்கள் படிக்கும்போது பழங்கதையாகியிருக்கும், உங்கள் ஊரில் அது செல்லவும் செல்லாது. அடியும் லிட்டரும் எங்கே போனாலும் அதேதான். என் நோட்டில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான்.

சின்ன பெட்ரூமில் ஆரம்பித்தேன். 10க்கு 11. நான்கு சுவரையும் சுற்றிவந்தால் 42 அடி. உயரம் ஒன்பதரை. பெருக்கினால் 399. கூரை 110. ஆக 509 சதுர அடி. இதில் கதவுக்கு 21, ஜன்னலுக்கு 20, சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரிக்கு 42 கழித்தால் 426. தரை என்னவோ 110 சதுர அடிதான், பெயின்ட் அடிக்க வேண்டியது கிட்டத்தட்ட அதைப்போல நான்கு மடங்கு. எனக்கே நம்பிக்கை வராமல் டேப்பை மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

வீடு முழுக்க அளந்து முடித்தபோது தரை 672 சதுர அடி, அடிக்க வேண்டிய பரப்பு 2,346. மூன்றரை மடங்கு. அறை சிறுக்கச் சிறுக்க இந்த மடங்கு ஏறும், ஏனென்றால் தரை குறைகிற வேகத்தில் சுவர் குறைவதில்லை. எங்கள் வீட்டில் பெரிய கள்ளன் பெட்ரூமுக்குப் போகிற அந்த ஒடுக்கமான வழி. தரை வெறும் 42 சதுர அடி. நான்கு கதவைக் கழித்த பிறகும் சுவரும் கூரையுமாக 257. ஆறு மடங்கு! தினமும் நடக்கிற இடம்தான், அதைச் சுவராக நான் பார்த்ததே இல்லை.

மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் கார்பெட் ஏரியாவுக்கு, அதாவது தரைப் பரப்புக்கு, ரேட் சொன்னார். இன்னொருவர், பெரியவர், சுவர் அளவுக்கு ரேட் சொன்னார். மூன்றாமவர் வீட்டுக்கே வரவில்லை, போனிலேயே “மொத்தமா இவ்வளவு குடுத்துருங்கம்மா, மத்ததெல்லாம் பாத்துக்கலாம்” என்றார். ரேட்டை மட்டும் பார்த்தால் முதல் ஆள் பெரியவரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. “இவன் பகல் கொள்ளைக்காரன்” என்று வீட்டுக்காரர் முடிவே கட்டிவிட்டார். பெருக்கிப் பார்த்தால் பெரியவரின் மொத்தம் 100 என்றால் முதல் ஆள் 92. ஒருவர் தரையை எண்ணுகிறார், மற்றவர் சுவரை எண்ணுகிறார், அவ்வளவுதான். போன்காரர் 78இல் நின்றார்.

அந்த 78ஐ நான் விடவில்லை, திரும்பக் கூப்பிட்டேன். சுவரை வழவழப்பாக்கப் பூசுகிற பட்டி வீடு முழுக்கவா, பெயர்ந்த இடத்துக்கு மட்டுமா? எத்தனை கோட்? கதவும் கிரில்லும் சேர்த்தியா? தரைக்கும் சாமானுக்கும் ஷீட் யார் வாங்குவது? வேலை முடிந்ததும் தரையில் சிந்திய புள்ளிகளை யார் சுரண்டுவது? ஒவ்வொன்றுக்கும் “அது தனிம்மா” என்று பதில் வந்தது. எல்லாத் தனியையும் கூட்டினால் 104. “பாத்துக்கலாம்” என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் 26 பங்கு.

பெரியவரின் கணக்கில் எனக்கு வேறு சந்தேகம். என் அளவு 2,346. அவர் எழுதி வந்தது 2,900. வரிவரியாகப் பார்த்தேன். அவர் கதவு, ஜன்னல் எதையும் கழிக்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் இருக்கிற சுவர்கூட அவர் கணக்கில் இருந்தது. சமையலறையில் டைல்ஸ் ஒட்டிய சுவரும் இருந்தது. டைல்ஸுக்கு யாராவது பெயின்ட் அடிப்பார்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டு டைல்ஸையும் அலமாரியையும் கணக்கிலிருந்து அடித்தார். 244 குறைந்தது. கதவு, ஜன்னலுக்கு மட்டும் மசியவில்லை.

“நடுச்சுவர ரோலர் பத்து நிமிஷத்துல முடிச்சுரும்மா. ஜன்னலச் சுத்திப் பிரஷ்ஷால கோடு பிடிக்கறதுலதான் ஒரு மணி நேரம் போகும். கதவக் கழிச்சுட்டீங்கன்னா அந்த ஓரத்துக்கு நான் எதுல கூலி எழுதறது?”

எனக்கு வாய் அடைத்துவிட்டது. 20 வருஷம் பில் பார்த்தவளுக்கு இது தோன்றவே இல்லை. சதுர அடி என்பது ஒரு பொருளின் நடுவைத்தான் எண்ணுகிறது. நடுவில் வேலை சுலபம். ஒரு பொருள் இன்னொன்றைத் தொடுகிற இடத்தில்தான் கையும் நேரமும் பணமும் போகிறது. அன்றைக்கு ராத்திரி நோட்டில் ஒரு புதுப் பக்கம் எடுத்து மேலே “ஓரம்” என்று எழுதினேன். அதற்குப் பிறகு செய்த கணக்கெல்லாம் அந்தப் பக்கத்தில்தான்.

முதலில் மாட்டியது தரை. பழைய டைல்ஸ் மங்கிப்போயிருந்தது. உடைக்காமல் அதன் மேலேயே புதுசு ஒட்டிவிடலாம், தூசியே இருக்காது என்று கடைக்காரர் ஆசை காட்டினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஹால், இரண்டு பெட்ரூம், வழி எல்லாம் சேர்த்து 482 சதுர அடி. “2க்கு 2 டைல், பெட்டிக்கு 4, அப்ப பெட்டிக்கு 16 சதுர அடி” என்று அவர் கால்குலேட்டரைத் தட்டினார். பெட்டியின் பக்கவாட்டில் 600 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. 2 அடி என்றால் 609.6 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் பெட்டிக்கு 15.5 சதுர அடிதான் வரும். பெரிய வித்தியாசமா என்றால் இல்லை, ஒரு பெட்டி, மிஞ்சினால் இரண்டு. ஆனால் கடைசியில் ஒரு பெட்டி பத்தாமல் திரும்பப் போனால் அதே பேட்ச் கிடைக்காது. பேட்ச் மாறினால் நிறம் ஒரு நூல் மாறும், ஹால் நடுவில் பளிச்சென்று தெரியும். வெட்டுச் சேதாரத்துக்கு 10 சதவீதம், குறுக்காகப் போட்டால் 15 வரைக்கும், அது போக லாஃப்டில் தூக்கிப் போட ஒரு பெட்டி என்று எழுதிக்கொண்டேன்.

பிறகுதான் ஓரப் பக்கத்துக்கு வந்தேன். டைல் 9 மில்லிமீட்டர், ஒட்டுகிற பசை 5 என்று வைத்தால் தரை 14 மில்லிமீட்டர் உயரும். எங்கள் பெட்ரூம் கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற சந்து 6 மில்லிமீட்டர்! ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். அப்படியானால் உள்பக்கம் திறக்கிற கதவு அத்தனையும் கழற்றி அடியில் சீவ வேண்டும். அலமாரிக் கதவுகளுக்கும் அதே கதி. பால்கனி ஸ்லைடிங்கின் தண்டவாளம் தரைக்குள் புதைந்துவிடும். சுவரடியில் ஒட்டிய பழைய ஸ்கர்ட்டிங் பட்டையின் அடி முழுகிவிடும், புதிதாகப் போட வேண்டும். அது மட்டும் நீளக் கணக்கில் 144 ரன்னிங் அடி. 4 அங்குலப் பட்டையாக வெட்டினால் ஒரு டைலுக்கு 5 பட்டை, 15 டைல், அதாவது யாருமே வாயைத் திறக்காத 4 பெட்டி. அந்த வெட்டுக்கும் ஒட்டுக்கும் கூலி அடிக்கணக்கில் தனி. ஓரங்களைக் கூட்டி முடித்தபோது அந்தச் செலவு நடுத் தரைச் செலவில் பாதியைத் தாண்டிவிட்டது. தரையைக் கணக்கிலிருந்தே அடித்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக டைல்ஸ் இடைவெளியில் கறுத்துப்போன க்ரௌட்டைச் சுரண்டி எடுத்துப் புதுசு நிரப்பினோம். இதில் ஒரு சுலபக் கணக்கு உண்டு. 2 அடி டைல் போட்ட தரையில் ஒரு சதுர அடிக்கு ஒரு ரன்னிங் அடி இடைவெளி வரும். 482 சதுர அடி, ஏறக்குறைய 482 அடி. ஒரு அடி டைல் என்றால் இதுவே இரண்டு மடங்கு. செய்தவுடன் மங்கலாகத் தெரிந்த தரையே வேறு தரையாகிவிட்டது. மங்கியது டைல் இல்லை, கோடுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

சமையலறை அலமாரிக் கதவு, அதாவது ஷட்டர், அடுத்த பாடம். உள் பெட்டிகள் திடமாக இருந்தன, சிங்க்குக்கு அடியில் மட்டும் கொஞ்சம் ஊறியிருந்தது. ஷட்டரை மட்டும் மாற்றுவது என்று தீர்மானம். மொத்தம் 11, ஒவ்வொன்றும் ஒன்றரை அடிக்கு இரண்டே முக்கால். பெருக்கினால் 45 சதுர அடி சொச்சம். பலகை 8க்கு 4, அதாவது 32 சதுர அடி. ஒன்றரைப் பலகைக்குள் முடிந்துவிடும், இரண்டு வாங்கினால் தாராளம் என்று எழுதி வைத்திருந்தேன். கார்பென்டர் தம்பி நோட்டைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“அக்கா, இதுல மர ரேகை இருக்கு. எல்லா ஷட்டர்லயும் ரேகை மேலருந்து கீழ ஓடணும். நினைச்சபடி திருப்பி வெட்ட முடியாது.”

தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். 4 அடி அகலத்தில் ஒன்றரை அடி இரண்டுதான் உட்காரும், ஒரு அடி வீண். 8 அடி நீளத்தில் இரண்டே முக்கால் இரண்டுதான், இரண்டரை அடி வீண். ஆக ஒரு பலகைக்கு 4 ஷட்டர். 11க்கு 3 பலகை. 45 சதுர அடி வேலைக்கு 96 சதுர அடி மரம். ரேகை இல்லாத ஒரே நிறம் எடுத்திருந்தால்கூட ஒரு பலகையில் 5தான் அடங்கியிருக்கும், அதுவும் 3 பலகைதான். வீணில் ஒரு துண்டை சிங்க் அடியில் ஊறிய அடிப்பலகைக்கு வைத்துக்கொண்டோம். இது போக நான்கு விளிம்பிலும் ஒட்டுகிற பட்டை ஷட்டருக்கு எட்டரை அடி, மொத்தம் 93 அடிக்கு மேல். கீல் 22. கைப்பிடி 11. கைப்பிடி விஷயத்தில் நானும் மகளும் இரண்டு நாள் பேசவில்லை, அதற்குக் கணக்கில் பத்தி கிடையாது.

சுவிட்ச் போர்டு எத்தனை இருக்கும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். “எட்டு, ஒன்பது” என்றார். நான் பத்து என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தால் 17. சோபாவுக்குப் பின்னால் ஒன்று 14 வருஷமாக யாரும் தொடாமல் இருந்திருக்கிறது. மேல் தட்டை மட்டும் மாற்றுவதானால் செலவு எண்ணிக்கையோடு முடிந்தது. ஆனால் புதுத் தட்டு பழைய பெட்டியைவிட ஒரு மாட்யூல், அதாவது ஒரு சுவிட்ச் அகலம், பெரிசாகிவிட்டால் சுவரைக் கொத்த வேண்டும், பூச வேண்டும், பட்டி வைக்க வேண்டும். அதனால் இந்த வேலை பட்டிக்கு முன்னால் முடிய வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு சுவிட்ச் மாற்றலாம் என்று நினைக்கிறவர்கள் பெயின்டருக்கு இரண்டு தடவை கூலி கொடுக்கத் தயாராக இருக்கட்டும்.

பட்டி பற்றி ஒரு வார்த்தை. முழுப் பட்டிக்கும் டச்சப் பட்டிக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தில் இன்னொரு அறையே அடித்துவிடலாம். எது வேண்டும் என்று பகலில் தெரியாது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். ஹாலில் ஒரு சுவர் மட்டும் அலையலையாக இருந்தது, அதற்கு முழுப் பட்டி. மற்றதெல்லாம் டச்சப். மறுநாள் பெரியவர் வந்து பார்த்துவிட்டு “யாரு சொல்லிக் குடுத்தது?” என்றார். பதில் சொல்லாமல் கொஞ்சம் பந்தா செய்தேன்.

பெயின்ட் டின்னில் லிட்டருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் என்று போட்டிருக்கும். அது ஒரு கோட்டுக்கு, அதுவும் வழவழப்பான சுவருக்கு. சதுர அடியில் 108 முதல் 129. இரண்டு கோட் என்றால் லிட்டருக்கு 55 என்று வைத்துக்கொண்டேன். கூரை 672 தனி, அது வெள்ளை. மிச்சம் சுவர் 1,674. அதற்கு 30 லிட்டரும் சொச்சமும். மகள் அறையில் ஒரு சுவர் அடர்ந்த மெரூன், போன தடவை அவள் அடம்பிடித்து அடித்தது. அதை வெளிர் நிறத்தில் மூட மூன்றாவது கோட் தேவைப்பட்டது. பதினாலு வயதில் செய்த பிடிவாதத்துக்கு வட்டி.

அந்தச் சின்ன பெட்ரூமில்தான் உண்மையான சிக்கலும் இருந்தது. பாத்ரூமை ஒட்டிய சுவரில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், பெயின்ட் கொப்பளித்து நின்றது. விரலால் தேய்த்தால் வெள்ளையாக உப்புப் பொடி உதிர்ந்தது. ஓதம். இதை எஸ்டிமேட்டில் “பட்டி” என்று எழுதியிருந்தார் முதல் ஆள். பெரியவர் மட்டும் “இது என் வேலை இல்லம்மா, கொத்தனாரக் கூப்பிடுங்க” என்றார். ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலிதீன் ஷீட்டை வெட்டி நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டேன். ஷீட்டின் உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக நீர். வெளிப்பக்கம் கோத்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் என்று விட்டிருக்கலாம். பாத்ரூம் டைல்ஸ் மூலையில், சுவரும் தரையும் சேருகிற கோட்டில், க்ரௌட் விட்டுப்போயிருந்தது. இங்கேயும் ஓரம்தான். அதை அடைத்துவிட்டு, சுவரின் பூச்சைச் சுரண்டிவிட்டு, மூன்று வாரம் காயப் போட்டோம். மகள் அதுவரைக்கும் ஹாலில் படுத்தாள். முணுமுணுப்பு இலவசம்.

எதிர்பாராத செலவுக்கு மொத்தத்தில் 10 சதவீதம் ஒதுக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கு எதற்குப் பத்து? ஷட்டர் 11 என்றால் 11தான். சுவருக்குள் இருப்பதற்குத்தான் பத்து போதாது. அதனால் வரிக்கு வரி தனியாக எழுதினேன். பெயின்டுக்கும் ஷட்டருக்கும் 5, சுவிட்சுக்கு 10, பாத்ரூமில் கை வைக்கிற எதற்கும் 30. பாத்ரூமில் நாங்கள் செய்வதாக இருந்தது ஒரே ஒரு குழாய் மாற்றுவது. பிளம்பர் பழைய குழாயைத் திருகினார், அது சுவருக்குள் இருந்த துண்டோடு முறிந்து வந்தது. இரண்டு டைல் உடைந்தது. 14 வருஷத்துக்கு முந்தைய டைல் எங்கே கிடைக்கும்? அந்த இடத்தில் வேறு நிறத்தில் குறுக்கே ஒரு வரிசை ஓடுகிறது. வருகிறவர்கள் டிசைன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

எஸ்டிமேட்டில் யாரும் எழுதாத சில்லறைகள் வேறு. எங்கள் குடியிருப்பில் சத்தம் வருகிற வேலைக்குக் காலை 10 முதல் மாலை 5 வரைதான் அனுமதி, மதியம் இடைவேளை. நாள் கூலிக்காரருக்கு முழு நாள் கூலி, கிடைப்பது முக்கால் நாள் வேலை. லிஃப்ட்டில் மூட்டை ஏற்றக் கூடாது. வேலை முடிகிறவரைக்கும் அசோசியேஷனில் ஒரு தொகை கட்டி வைக்க வேண்டும். திரும்ப வரும் என்பதால் செலவில்லைதான், ஆனாலும் கையில் இருக்க வேண்டிய பணம். குப்பை மூட்டையை நான்கு மாடி இறக்க ஆள். கடைசியில் வீட்டைத் துடைத்துக் கழுவ இரண்டு பேர், இரண்டு நாள்.

நான் எழுதிய எஸ்டிமேட் 100 என்றால், எதிர்பாராததற்கு ஒதுக்கியது 15, முடிந்தது 113. அந்த 13இல் ஓதம் 6, குழாய் 4, மூட்டையும் துடைப்பும் சேர்ந்து 3. “எங்க ஆபீஸ் பட்ஜெட்டே இவ்வளவு கிட்ட வந்ததில்ல” என்றார் வீட்டுக்காரர். பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

கடைசி நாள் வாசல் கதவு பாக்கி. வெளிப்பக்கம் எல்லா ஃபிளாட்டுக்கும் ஒரே பழுப்பு, மாற்றக் கூடாது. உள்பக்கம் நாங்கள் கேட்டது கிரீம். பெரியவர் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“விளிம்பு எந்தக் கலரும்மா?”

ஒன்றரை அங்குலக் கனம். அது உள்ளேயா வெளியேயா? வீட்டுக்காரர் வெளியே போய் நின்று கதவை இழுத்துப் பார்த்தார், உள்ளே வந்து தள்ளிப் பார்த்தார். மகள் எல்லாமே கிரீம் என்றாள். பெரியவர் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கதவு உள்ளாற திறக்குது. திறந்து வெச்சா பூட்டுப் பக்க விளிம்பு வீட்ல இருக்கவங்களுக்குத் தெரியும், அது கிரீம். கீல் பக்க விளிம்பு வாசல்ல நிக்கறவங்களுக்குத் தெரியும், அது பழுப்பு.”

7 அடி உயரம், ஒன்றரை அங்குல அகலம், இரண்டு நிறத்தில். நான் நோட்டைத் திறந்து “ஓரம்” பக்கத்தைத் தேடினேன்.

“அத எழுதாதீங்கம்மா” என்றார். “அது சும்மா.”